துகள் அளவு மேற்கோள் பொருட்கள்

துகள் அளவு மேற்கோள் பொருட்கள் என்பவை, துகள்களின் அளவை அளக்கும் கருவிகளைச் சரிபார்க்கவும் அளவுத்திருத்தம் செய்யவும் பயன்படும், அளவு முன்னரே துல்லியமாக அறியப்பட்ட துகள்கள் ஆகும். தராசைச் சோதிக்க முத்திரையிட்ட எடைக்கல் தேவைப்படுவது போல, துகள் அளவுமானியைச் சோதிக்க அளவு தெரிந்த துகள் தேவைப்படுகிறது. மருந்து, சிமெண்ட், வண்ணப்பூச்சு, பூச்சிக்கொல்லி ஆகியவற்றின் உற்பத்தியிலும், இரத்தப் பரிசோதனை, காற்று மாசு ஆய்வு ஆகியவற்றிலும் இவை பயன்படுகின்றன. பாலிஸ்டைரீன் மணிகள், கண்ணாடி மணிகள், குவார்ட்சு தூள், தங்க நானோதுகள்கள் ஆகியவை இவற்றுள் முக்கியமானவை.

தேவை

பெரும்பாலான துகள் அளவுமானிகள் துகளின் விட்டத்தை நேரடியாக அளப்பதில்லை. அவை வேறொன்றை அளந்து, அதிலிருந்து விட்டத்தைக் கணக்கிடுகின்றன.

• சல்லடை: துகள் எந்தத் துளை வழியே செல்கிறது என்பதைக் காட்டும்.
• லேசர் விளிம்பு விளைவுக் கருவி: துகள்கள் ஒளியை எந்தக் கோணங்களில் எவ்வளவு சிதறடிக்கின்றன என்பதை அளக்கும்.
• கூல்ட்டர் எண்ணி: சிறு துளை வழியே துகள் செல்லும்போது மின்தடையில் ஏற்படும் மாற்றத்தை அளக்கும். அமெரிக்கரான வாலஸ் கூல்ட்டர் இதற்கு 1953-இல் காப்புரிமை பெற்றார்.
• இயங்கு ஒளிச்சிதறல் கருவி: நீர்மத்தில் துகள்களின் பிரௌனியன் இயக்கம் எவ்வளவு விரைவானது என்பதை அளக்கும். நானோதுகள்களுக்கு இது ஏற்றது.
• படிதல் முறை: நீர்மத்தில் துகள் கீழே இறங்கும் வேகத்தை அளக்கும்.

துகள் முழுமையான கோளமாக இருந்தால் இம்முறைகள் அனைத்தும் ஏறக்குறைய ஒரே விடையைத் தரும். கோளமாக இல்லாவிட்டால் விடைகள் வேறுபடும். ஊசி வடிவப் படிகம் ஒன்று தன் தடிப்பைப் பொறுத்தே சல்லடைத் துளையில் நுழையும். அதன் நீளம் அங்கு கணக்கில் வராது. லேசர் கருவியோ நீளம், தடிப்பு இரண்டாலும் பாதிக்கப்பட்ட ஒரு விடையைக் காட்டும். எனவே கருவி தரும் எண் பெரும்பாலும் 'சமானக் கோள விட்டம்' மட்டுமே.

விட்டத்தில் நேரும் சிறு பிழை கன அளவில் பெரும் பிழையாகும். விட்டம் 10 விழுக்காடு கூடுதலாக அளக்கப்பட்டால், கணக்கிடப்படும் கன அளவு சுமார் 33 விழுக்காடு கூடிவிடும். மாத்திரை கரையும் வேகம், சிமெண்ட் இறுகும் வேகம் போன்றவை துகள் அளவைச் சார்ந்தவை என்பதால், இப்பிழை பொருளின் தரத்தையே பாதிக்கும்.

மீட்டருடன் தொடர்பு

ஒரு பொருள் சான்றளிக்கப்பட்ட மேற்கோள் பொருள் எனப்பட, அதன் சான்றிதழில் மூன்று செய்திகள் இருக்க வேண்டும்: துகளின் அளவு, அந்த அளவின் நிச்சயமின்மை, அது எவ்வழியில் பன்னாட்டு அலகான மீட்டருடன் இணைக்கப்பட்டுள்ளது என்பது.

ஒளி வெற்றிடத்தில் ஒரு நொடியின் 299,792,458-இல் ஒரு பங்கு நேரத்தில் செல்லும் தொலைவே மீட்டர் என 1983-இல் வரையறுக்கப்பட்டது. தேசிய அளவியல் நிறுவனங்கள், அலைநீளம் துல்லியமாக அறியப்பட்ட லேசர்களைக் கொண்டு இதை நடைமுறைப்படுத்துகின்றன. அந்த லேசரால் நுண்ணோக்கியின் அளவுகோல் சோதிக்கப்படுகிறது. அந்த நுண்ணோக்கியால் மணிகள் அளக்கப்படுகின்றன. அந்த மணிகளால் ஆய்வகக் கருவி சோதிக்கப்படுகிறது. இச்சங்கிலியில் ஒரு கண்ணி விடுபட்டாலும் கருவி காட்டும் எண்ணுக்கு ஆதாரம் இல்லாமல் போகும். மேற்கோள் பொருட்களை உருவாக்குவோர் பின்பற்ற வேண்டிய விதிகளை ஐ.எஸ்.ஓ 17034 என்ற பன்னாட்டுத் தரம் வகுக்கிறது.

வகைகள்

ஒற்றை அளவுக் கோளங்கள்: எல்லாத் துகள்களும் ஏறக்குறைய ஒரே விட்டம் கொண்டவை. பாலிஸ்டைரீன் லேட்டக்ஸ் மணிகள் இவ்வகையில் மிகவும் பரவலானவை. இவற்றின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.05 கிராம். இது நீரின் அடர்த்திக்கு நெருக்கமானது என்பதால் மணிகள் மெதுவாகவே படியும். அமெரிக்காவின் தேசியத் தர மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் வெளியிட்ட எஸ்.ஆர்.எம் 1963 ஏறக்குறைய 100 நானோமீட்டர் அளவுள்ள மணிகளைக் கொண்டது. அந்நிறுவனம் 10, 30, 60 நானோமீட்டர் அளவுகளில் தங்க நானோதுகள்களையும் வெளியிட்டுள்ளது.

பரந்த அளவுப் பரவல் கொண்டவை: சிறியதும் பெரியதுமான துகள்கள் கலந்த கண்ணாடி மணிகள் அல்லது தூள்கள். லேசர் கருவி தன் அளவு எல்லை முழுவதும் சரியாக வேலை செய்கிறதா என்பதை இவை காட்டும். இவற்றின் சான்றிதழில் டி10, டி50, டி90 ஆகிய மதிப்புகள் தரப்படும். டி50 என்பது, மொத்தக் கன அளவில் பாதி எந்த விட்டத்துக்குக் கீழான துகள்களில் உள்ளதோ, அந்த விட்டம்.

இயல்பான தூள்கள்: ஐரோப்பிய ஒன்றியத்தின் பி.சி.ஆர் வரிசைக் குவார்ட்சு தூள்கள் இதற்கு எடுத்துக்காட்டு. இத்துகள்கள் கூர்முனை கொண்டவை. இவற்றின் அளவு படிதல் முறையில் சான்றளிக்கப்பட்டது. ஆகவே லேசர் கருவி சற்று வேறுபட்ட எண்ணைக் காட்டினால், அதைக் கொண்டு மட்டும் கருவியில் பழுது என்று முடிவு செய்ய இயலாது.

விண்வெளியில் உருவான மணிகள்

சில மைக்ரோமீட்டருக்கு மேற்பட்ட பாலிஸ்டைரீன் மணிகளை ஒரே அளவில் வளர்ப்பது தொடக்கத்தில் கடினமாக இருந்தது. வளரும் மணிகள் புவியீர்ப்பால் மேலே மிதந்தன அல்லது கீழே படிந்தன. அதைத் தடுக்க வேகமாகக் கலக்கினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. இதற்குத் தீர்வாக 1980-களின் தொடக்கத்தில் நாசாவின் விண்வெளி ஓடங்களில், எடையற்ற நிலையில் மணிகள் வளர்க்கப்பட்டன. அவ்வாறு உருவான 10 மைக்ரோமீட்டர் மணிகள், எஸ்.ஆர்.எம் 1960 என்ற பெயரில் 1985-இல் விற்பனைக்கு வந்தன. இவற்றின் சான்றளிக்கப்பட்ட விட்டம் 9.89 மைக்ரோமீட்டர், நிச்சயமின்மை 0.04 மைக்ரோமீட்டர். விண்வெளியில் தயாரித்து விற்கப்பட்ட முதல் பொருள் இதுவே எனக் கருதப்படுகிறது.

இந்தியாவில்

இந்தியாவின் தேசிய அளவியல் நிறுவனம், புது தில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் ஆகும். இதன் முதல் இயக்குநர், இன்றைய விருதுநகர் மாவட்டத்தின் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன். சி. வி. இராமனுடன் சேர்ந்து ஒளிச்சிதறலை ஆராய்ந்தவர் இவர். இந்த ஆய்வகம் 'பாரதிய நிர்தேசக் திரவிய' என்ற பெயரில் இந்திய மேற்கோள் பொருட்களை வெளியிடுகிறது.

துகள் அளவு தொடர்பாக இந்தியாவில் அன்றாடம் மேற்கோள் பொருள் தேவைப்படும் துறைகளில் சிமெண்ட் முக்கியமானது. சிமெண்ட்டின் நுண்மை, பிளேன் கருவியால் சோதிக்கப்படுகிறது. இறுக்கி அடைத்த சிமெண்ட் படுகையின் வழியே காற்று செல்ல எடுக்கும் நேரத்தை இக்கருவி அளக்கிறது. துகள்கள் நுண்மையாக இருந்தால் நேரம் கூடும். ஆனால் நேரத்தைப் பரப்பளவாக மாற்ற ஒரு கருவி மாறிலி வேண்டும். பரப்பளவு தெரிந்த மேற்கோள் சிமெண்ட்டைச் சோதித்தே அம்மாறிலி பெறப்படுகிறது. ஹரியானாவின் பல்லப்கரில் உள்ள தேசிய சிமெண்ட் மற்றும் கட்டுமானப் பொருட்கள் கழகம் இத்தகைய சிமெண்ட்டை வழங்குகிறது. சாதாரண போர்ட்லேண்டு சிமெண்ட்டின் பரப்பளவு கிலோகிராமுக்குக் குறைந்தது 225 சதுர மீட்டர் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி. கருவி மாறிலி பிழையானால், தரமற்ற சிமெண்ட் தேறலாம், தரமானது தள்ளப்படலாம்.

உழவர்கரையில் துகள் அளவின் பங்கு

துகள் அளவு பொது நலத்தோடு எவ்வாறு இணைகிறது என்பதற்குப் புதுச்சேரியின் உழவர்கரை நகராட்சிப் பகுதியில் உள்ள இரு நிறுவனங்களின் துறைகள் எடுத்துக்காட்டுகளாகும்.

முதலாவது, 1975-இல் தொடங்கப்பட்ட நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் இயங்கும் இம்மையம், கொசுப்புழுக்களைக் கொல்லும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ் என்ற பாக்டீரியாவின் உள்நாட்டு வகையைக் கொண்டு மருந்து தயாரிக்கும் முறையை உருவாக்கியது. இம்மருந்து தொட்டவுடன் கொல்வதில்லை. கொசுப்புழு அதை உண்ண வேண்டும். நீரில் உள்ள நுண்துகள்களை வடிகட்டி உண்பதே கொசுப்புழுவின் இயல்பு. துகள் அளவு மிகப் பெரிதானால் புழுவால் விழுங்க இயலாது. துகள் விரைவில் அடியிலும் தங்கிவிடும். அப்போது சரியான அளவில் மருந்து தெளித்தும் பயன் இருக்காது. நீரில் கரைத்துத் தெளிக்கும் பூச்சிக்கொல்லித் தூள்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 75 மைக்ரோமீட்டர் சல்லடையில் ஈரச்சலிப்புச் சோதனையை வகுத்துள்ளது. சல்லடைக் கம்பிகள் தேய்ந்து துளைகள் பெரிதாகிவிடக்கூடும். கண்ணாடி மணி மேற்கோள் பொருளைச் சலித்து, துளையின் உண்மையான அளவைக் கண்டறியலாம்.

இரண்டாவது, கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் போன்ற மருத்துவமனைகளின் துறை. இரத்த அணுக்களை எண்ணும் கருவிகள் பலவும் கூல்ட்டர் தத்துவத்தில் இயங்குகின்றன. இவை சிவப்பணுவின் சராசரிக் கன அளவையும் தருகின்றன. அந்த எண் குறைவாக இருந்தால் இரும்புச்சத்துக் குறைபாட்டை மருத்துவர் ஐயுறுவார். கூடுதலாக இருந்தால் வைட்டமின் பி12 குறைபாட்டை ஐயுறுவார். கருவி தவறினால் நோயறிதலும் திசைமாறும்.

நரம்பு வழியே செலுத்தப்படும் மருந்துகளிலும் துகள்கள் எண்ணப்படுகின்றன. பெரிய துகள்கள் நுரையீரலின் நுண்குழாய்களை அடைக்கக்கூடும் என்பதே காரணம். 100 மில்லிலிட்டருக்குக் குறைந்த ஊசிமருந்துக் கொள்கலனில், ஒளிமறைப்பு முறையில் எண்ணும்போது, 10 மைக்ரோமீட்டரும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் 6000-க்கும், 25 மைக்ரோமீட்டரும் அதற்கு மேலும் உள்ளவை 600-க்கும் மிகக்கூடாது என்று அமெரிக்க மருந்துத் தரநூல் கூறுகிறது. 10 மைக்ரோமீட்டர் எது என்பதைக் கருவிக்குக் கற்பிப்பவை மேற்கோள் மணிகளே.

பயன்படுத்தும் முறை

அளவுத்திருத்தமும் சரிபார்ப்பும் ஒன்றல்ல. கூல்ட்டர் எண்ணிக்கு மணிகளைக் கொண்டு அளவுத்திருத்தம் செய்யப்படுகிறது. அதாவது கருவியின் மாறிலி மாற்றி அமைக்கப்படுகிறது. லேசர் கருவி ஒளியியல் கோட்பாட்டிலிருந்து விடையைக் கணக்கிடுவதால், பெரும்பாலும் சரிபார்ப்பு மட்டுமே செய்யப்படுகிறது. அமெரிக்க மருந்துத் தரநூலின்படி, லேசர் கருவி காட்டும் டி50 சான்றளித்த எல்லையிலிருந்து 3 விழுக்காட்டுக்கும், டி10, டி90 ஆகியவை 5 விழுக்காட்டுக்கும் மேல் விலகக்கூடாது.

பிழைகள் பல கருவியில் அல்லாமல் மாதிரி எடுப்பதில் நேர்கின்றன. தூள் புட்டியை அசைத்தால் பெரிய துகள்கள் மேலேயும் சிறியவை கீழேயும் பிரியும். எனவே பரந்த பரவல் கொண்ட தூள்கள் பெரும்பாலும் ஒரு சோதனைக்கு ஒரு புட்டி என்ற அளவில் வழங்கப்படுகின்றன. புட்டி முழுவதையும் பயன்படுத்த வேண்டும். நீர்மத்தில் உள்ள லேட்டக்ஸ் மணிகளை உறைய விடக்கூடாது. உறைந்தால் அவை ஒட்டித் திரளும். திரண்ட இரு மணிகளைக் கருவி ஒரு பெரிய மணியாகக் காணும்.

வரம்புகள்

மணிகளுக்குச் சரியான விடை தரும் கருவி, சோதனைப் பொருளுக்கும் சரியான விடை தரும் என்பதற்கு உறுதியில்லை. லேட்டக்ஸ் மணி விறைப்பானது. சிவப்பணுவோ நெகிழ்ந்து வடிவம் மாறக்கூடியது. ஒரே கன அளவு கொண்ட இரண்டும் கூல்ட்டர் துளையில் வெவ்வேறு மின்துடிப்பைத் தரும். ஆகவே இரத்தக் கருவிகளுக்கு, பதப்படுத்திய இரத்தமே அளவுத்திருத்தப் பொருளாகப் பயன்படுகிறது. அதுபோலவே, ஒளி ஊடுருவும் பாலிஸ்டைரீன் மணிகளால் திருத்தப்பட்ட காற்றுத் துகள் எண்ணி, ஒளியை உறிஞ்சும் புகைக்கரியின் அளவைக் குறைத்துக் காட்டலாம்.

எனவே மேற்கோள் பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது அளவு மட்டுமன்றி, துகளின் வடிவம், ஒளியியல் பண்பு, சான்றளித்த முறை ஆகியவையும் சோதனைப் பொருளுக்கு நெருக்கமாக உள்ளனவா என்று பார்க்க வேண்டும். அறிக்கையில் துகள் அளவுடன் அளந்த முறையும், கருவியைச் சோதித்த மேற்கோள் பொருளின் பெயரும் குறிப்பிடப்பட்டால்தான் ஓர் ஆய்வகத்தின் முடிவை மற்றோர் ஆய்வகம் ஒப்பிட இயலும்.