எட்டு ஆண்டுகள் தாமதமாக வந்த தங்கம்

எரித்ரோபொய்டின் ஊசி போட்டுக்கொள்ளும் சிறுநீரக நோயாளிகளின் குடும்பத்தினர் எங்களிடம் இரண்டு கேள்விகளை அடிக்கடி கேட்பதுண்டு. விளையாட்டு வீரர்களுக்குத் தடைசெய்யப்பட்ட மருந்தை நோயாளிக்கு ஏன் செலுத்துகிறீர்கள் என்பது ஒன்று. மாதக்கணக்கில் ஊசி போடுவதைவிட ஒரு பாட்டில் இரத்தம் ஏற்றிவிட்டால் என்ன என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் விளக்குவதற்கு வியாச்செஸ்லாவ் எகிமோவ் என்னும் ரஷ்யச் சைக்கிள் வீரரின் வாழ்க்கை மிகவும் பொருத்தமானது.

எகிமோவ் 1966-இல், பின்லாந்து எல்லைக்கு அருகிலுள்ள வீபோர்க் நகரில் பிறந்தார். லெனின்கிராட்டில் அலெக்சாந்தர் குஸ்னெத்சோவ் என்ற பயிற்சியாளரிடம் பயின்று, 1988 சியோல் ஒலிம்பிக்கில் சோவியத் ஒன்றியத்தின் நால்வர் அணியில் தங்கம் வென்றார். 1990-இல் பானசோனிக் என்னும் நெதர்லாந்து அணியில் சேர்ந்து தொழில்முறை வீரரானார். அன்று தொடங்கி 2006 வரை, டூர் டி பிரான்ஸ் போட்டியில் அவர் 15 முறை புறப்பட்டார். 15 முறையும் பாரிஸ் வந்து சேர்ந்தார். மூன்று வாரங்களில் 3,000 கிலோமீட்டருக்கும் மேல் மிதிக்கவேண்டிய போட்டி அது. எலும்பு முறிவு, காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று ஆண்டுதோறும் பலர் பாதியிலேயே விலகிவிடுவார்கள். மருத்துவர்களாகிய எங்களுக்கு அவருடைய பதக்கங்களைவிட இந்தக் கணக்கே பெரும் வியப்பைத் தருகிறது. அப்போட்டியில் அவர் தனியாக வென்றது 1991-இல் மாகோன் நகரில் முடிந்த ஒரு நாள் ஓட்டத்தை மட்டுமே. பெரும்பாலான நாள்களில், அணித்தலைவருக்கு முன்னே சென்று எதிர்க்காற்றைத் தாங்குவதுதான் அவருடைய பணி.

இத்தகைய உழைப்புக்குத் தசைகள் ஆக்சிஜனைக் கேட்கும். அதைச் சுமந்து செல்பவை இரத்தச் சிவப்பணுக்கள். ஆக்சிஜன் குறைவதைச் சிறுநீரகம் உணர்ந்து எரித்ரோபொய்டினைச் சுரக்கிறது. அதன் கட்டளையால் எலும்பு மஜ்ஜை புதிய சிவப்பணுக்களை உருவாக்குகிறது. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு இந்தச் சுரப்பு குறைந்துவிடுவதால்தான் இரத்தசோகை வருகிறது. 1980-களின் இறுதியில் இது மருந்தாகக் கிடைக்கத் தொடங்கியபோது டயாலிசிஸ் நோயாளிகளின் வாழ்வே மாறியது. அதே மருந்தை, குறையேதும் இல்லாத வீரர்கள் சிலர் களவாகப் போட்டுக்கொண்டனர். அளவுக்கு மீறினால் இரத்தம் குழம்புபோல் கெட்டியாகி உறையக்கூடும். ஆகவே 1997-இல் பன்னாட்டுச் சைக்கிள் சம்மேளனம், ஆண் வீரர்களின் இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 50 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று வரம்பு விதித்தது. எரித்ரோபொய்டினைக் கண்டறியும் சோதனை ஒலிம்பிக்கில் முதன்முதலாக நடந்தது 2000-இல், சிட்னியில். அங்கே தனிநபர் நேரப் போட்டியில் ஜெர்மனியின் யான் உல்ரிச்சை ஏறத்தாழ 8 நொடிகளில் முந்தி எகிமோவ் தங்கம் வென்றார்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 38 வயதில், ஏதென்ஸில் அதே போட்டியில் மீண்டும் இறங்கினார். அமெரிக்காவின் டைலர் ஹாமில்டன் ஏறத்தாழ 19 நொடி முந்தினார், எகிமோவுக்கு வெள்ளி. ஆனால் ஹாமில்டனின் இரத்தத்தில் இன்னொருவருடைய சிவப்பணுக்கள் கலந்திருப்பதாக முதல் மாதிரி காட்டியது. அதை உறுதிசெய்ய வேண்டிய இரண்டாம் மாதிரியை ஆய்வகத்தார் உறையவைத்துவிட்டனர். உறைந்த சிவப்பணுக்கள் வெடித்துச் சிதைந்துவிடும். சிதைந்தவற்றைச் சோதிக்க முடியாது. வழக்கு அத்துடன் நின்றது. தங்கம் ஹாமில்டனிடமே இருந்தது. ரஷ்யர்கள் விளையாட்டு நடுவர் மன்றத்துக்குச் சென்றும் பயனில்லை. அதே ஆண்டு ஸ்பெயின் நாட்டுப் போட்டியிலும் அவர் அதே சோதனையில் சிக்கி இரண்டாண்டுத் தடை பெற்றார். ஊக்கமருந்து பயன்படுத்தியதை 2011-இல் ஒப்புக்கொண்ட பின், 2012 ஆகஸ்டில் பன்னாட்டு ஒலிம்பிக் குழு அவருடைய தங்கத்தைப் பறித்தது. எகிமோவ் ஏதென்ஸின் வெற்றியாளராக அறிவிக்கப்பட்டபோது அவருக்கு வயது 46. பந்தயங்களிலிருந்து ஓய்வுபெற்று ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் டூர் டி பிரான்ஸை வென்ற ஆண்டுகள் பலவற்றில் எகிமோவ் அவருடைய அணியிலேயே இருந்தார். அந்த வெற்றிகள் அனைத்தும் ஊக்கமருந்து காரணமாக அதே 2012-இல் செல்லாதவையாக்கப்பட்டன. எகிமோவுக்குத் தண்டனை ஏதும் விதிக்கப்படவில்லை. எனினும் அக்காலத்துச் சைக்கிள் பந்தயத்தின் மீது விழுந்த நிழல் எளிதில் விலகுவதன்று.

முதல் கேள்விக்கான விடை இதற்குள் தெளிவாகியிருக்கும்: வீரர் மிகுதியைத் தேடினார், நோயாளிக்கு நாங்கள் குறையை நிரப்புகிறோம். முழுவதும் நிரப்புவதுமில்லை. ஹீமோகுளோபினைப் பொதுவாக 10-க்கும் 11.5-க்கும் இடையில் நிறுத்துகிறோம். 13-க்கு மேல் உயர்த்தினால் பக்கவாதம் போன்ற ஆபத்துகள் கூடுவதைப் பெரிய ஆய்வுகள் காட்டியுள்ளன. "இன்னும் கொஞ்சம் ஏற்றுங்கள் டாக்டர்" என்று கேட்பவர்களுக்கு நாங்கள் இணங்காததன் காரணம் அதுவே.

இரண்டாம் கேள்விக்கு வருவோம். பிறருடைய சிவப்பணுக்களை ஆய்வகக் கருவி அடையாளம் காண்பதைப் போலவே, நம் உடலும் பிறர் இரத்தத்திலுள்ள அணுக்களை அயலவை என்று அறிந்து எதிர்ப்பொருள்களை உருவாக்கக்கூடும். பின்னாளில் மாற்றுச் சிறுநீரகம் தேடும்போது இவை தடையாகி, பொருந்தும் கொடையாளர் கிடைப்பது அரிதாகலாம். அதனால்தான் மாற்று அறுவைக்குக் காத்திருப்பவர்களுக்கு, கடும் இரத்தப்போக்கு போன்ற தவிர்க்க முடியாத நிலைகளில் மட்டுமே இரத்தம் ஏற்றுகிறோம்.

ஊசியை வீட்டில் வைத்திருப்போர், குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரி வெப்பநிலையில் வைத்திருங்கள். பனிக்கட்டி அறையில் வைக்கவேண்டா, குலுக்கவும் வேண்டா. தவறி உறைந்துபோயிருந்தால், உருகிய பின்னும் அதைப் பயன்படுத்தாமல் அடுத்த டயாலிசிஸ் நாளன்று செவிலியரிடம் கொண்டுவந்து காட்டுங்கள்.