நேராகக் கேளுங்கள், தொடர்ந்து கூட இருங்கள்

"நான் இல்லாட்டி யாருக்கும் தொந்தரவு இல்ல" என்று நண்பர் சொன்னால், விளையாட்டுப் பேச்சென்று விட்டுவிடாதீர்கள். சாவதாகச் சொல்பவர் சாகமாட்டார் என்று ஊரில் சொல்வது தவறு. உயிரை மாய்த்துக்கொள்ள நினைப்பவர்களில் பலர் அதை முன்கூட்டியே யாரிடமாவது வெளிப்படுத்திவிடுகிறார்கள்.

கவனிக்க வேண்டிய மாற்றங்கள்

எல்லோரிடமிருந்தும் ஒதுங்குவது, தூக்கம் கெடுவது, குடி கூடுவது, ஆசையாக வைத்திருந்த பொருள்களைக் கொடுத்துவிடுவது, விடைபெறுவதுபோல் பேசுவது. முன்பு ஒருமுறை முயன்றவர் என்றால் கூடுதல் கவனம் தேவை.

எப்படிக் கேட்பது?

"செத்துப்போயிடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது; மனத்தில் பூட்டி வைத்திருப்பதைச் சொல்லத்தான் வழி பிறக்கும். பதில் வரும்வரை பொறுத்திருங்கள். "இதெல்லாம் ஒரு பிரச்சினையா?", "பெத்தவங்கள நினைச்சுப் பாத்தியா?" போன்ற பேச்சு குற்றவுணர்வைத்தான் கூட்டும். "சொன்னது நல்லது, நான் கூட இருக்கேன்" என்பது போதும்.

தனியே சுமக்காதீர்கள்

யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்யாதீர்கள். திட்டம் வைத்திருக்கிறார் என்று தெரிந்தால் ஒரு நிமிடமும் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்து, மாத்திரை போன்றவற்றை அவர் கைக்கு எட்டாமல் அகற்றுங்கள். பலருக்குச் சாகத் தூண்டும் வேகம் சிறிது நேரத்தில் தணிந்துவிடும். அந்த நேரத்தைக் கடத்துவதே உயிரைக் காக்கும். அவசரத்துக்கு 108. மனநல ஆலோசனைக்கு அரசின் டெலிமானஸ் 14416, தமிழ்நாட்டில் 104. சென்னையில் 1986 முதல் இயங்கும் சிநேகா அமைப்பு 044-24640050.

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் கருதுகிறது. தண்டனைக்குப் பதிலாகப் பராமரிப்பு தரச் சொல்கிறது.

வீடு திரும்பிய பிறகு

சிகிச்சை முடிந்து வந்த முதல் சில வாரங்கள் ஆபத்தானவை. சென்னை, கொழும்பு உட்பட ஐந்து நகரங்களில், தற்கொலைக்கு முயன்று சிகிச்சை பெற்ற 1,867 பேரிடம் உலக சுகாதார அமைப்பு ஓர் ஆய்வு நடத்தியது. ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சையுடன் ஒரு மணி நேரம் விளக்கம் தந்து, 18 மாதங்களில் ஒன்பது முறை நலம் விசாரித்தார்கள். அவர்களில் தற்கொலையால் இறந்தவர்கள் 0.2 சதவீதம், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதம்.

விசாரிப்புக்கு இவ்வளவு பலன் உண்டென்றால், நண்பர் அதை வாரந்தோறும் செய்யலாம். மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், சாப்பிட்டாரா, தூங்கினாரா என்று கேளுங்கள். அவர் தேறிவிட்டதாகத் தோன்றினாலும் மாதக்கணக்கில் விசாரிப்பதை நிறுத்தாதீர்கள்.