காதில் ஊசி ஏற்றினால் நாரி நோ தீருமா?

காதுமடலின் குறிப்பிட்ட புள்ளிகளில் மெல்லிய ஊசி ஏற்றியோ, சிறு விதையை பிளாஸ்டரால் ஒட்டி அழுத்தியோ உடலின் வேறோர் இடத்து நோயைத் தணிக்க முயல்வது காது அக்குபங்சர். நாரி நோ, தலையிடி, நித்திரையின்மை, உடற்பருமன், புகைப்பழக்கம் என்று அது தீர்ப்பதாகச் சொல்லப்படும் பட்டியல் நீளமானது. கொழும்புக்கு அக்குபங்சர் புதியதல்ல. மருத்துவர் அன்ரன் ஜயசூரிய, வெள்ளவத்தைக்குப் பக்கத்திலேயே உள்ள களுபோவில வைத்தியசாலையில் பல ஆண்டுகள் அதைச் செய்தும் கற்பித்தும் வந்தார். வெளிநாட்டு மாணவர்களும் அவரைத் தேடி வந்தார்கள். 2005 இல் அவர் காலமானார்.

விளம்பரங்கள் காதுச் சிகிச்சையின் ஆயிரமாண்டுச் சீனப் பழமையைச் சொல்லும். பழைய சீன வைத்தியத்தில் காதுப் புள்ளிகள் சில இருந்தது மெய்தான். ஆனால் சிகிச்சை அறைச் சுவர்களில் தொங்கும் வரைபடம் 1950களில் பிரான்சில் பிறந்தது. காதில் சூடு வைத்ததும் இடுப்பு நரம்பு வலி போய்விட்டதாகச் சொன்ன நோயாளிகளைக் கண்ட லியோன் நகர மருத்துவர் போல் நோஜியே, காதுமடலைத் தலைகீழாகக் கிடக்கும் கருவாகக் கற்பனை செய்தார். சோணை தலையாயிற்று, உள்வளைவு முதுகெலும்பாயிற்று. 1957 இல் ஜெர்மன் சஞ்சிகை ஒன்றில் வெளியான அந்தப் படம் சீனாவுக்குப் போய், அங்கே புள்ளிகள் பெருகின. வரலாறு இவ்வளவு போதும்.

படத்தை விட்டுவிட்டு நரம்புகளைப் பார்த்தால் காது வியப்பூட்டும் உறுப்பு. ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் இந்த மடலுக்குக் கழுத்திலிருந்து ஒரு நரம்பு வருகிறது, முகத்து உணர்ச்சியைச் சுமக்கும் நரம்பிலிருந்து ஒரு கிளை வருகிறது, வேகஸ் நரம்பிலிருந்தும் ஒரு கிளை வருகிறது. இதயம், நுரையீரல், இரைப்பை என்று உள்ளுறுப்புகளிடையே ஓடும் வேகஸ், வெளித்தோலில் தலைகாட்டும் ஒரே இடம் காதுதான். காதுக்குழாயின் மேலே, மடலின் மேல் மடிப்புக்கு அடியில் விரல் நுனி பதியும் சிறு குழி ஒன்று உண்டு. ஜெர்மன் உடற்கூற்றாளர்களான பியூக்கரும் ஃபில்லரும் இறந்தவர்களின் காதுகளில் நரம்புகளைத் தேடிப் பின்தொடர்ந்து 2002 இல் வெளியிட்ட ஆய்வில், அந்தக் குழிக்கு வேகஸ் மட்டுமே வந்திருந்தது.

காதுக் குறும்பி எடுக்கும்போது சிலருக்கு இருமல் வருவதும் இந்தக் கிளையால்தான். தொடர்மாடி ஒன்றில் கீழ்வீட்டு அழைப்புமணியின் வயரும் மேல்வீட்டு வயரும் ஒன்றாகச் சேர்ந்து காவலாளியின் அறைக்குப் போவதாக வைத்துக்கொள்ளலாம். கீழ்வீடு காதுக்குழாய், மேல்வீடு தொண்டை, காவலாளி மூளைத்தண்டு. கீழே பொத்தானை அழுத்தினால், வழக்கமாக மணி அடிக்கும் மேல்வீடுதான் அழைக்கிறது என்று காவலாளி எண்ணி, அங்கே அடைப்பு நீக்க ஆள் அனுப்புகிறார். அதுதான் இருமல். இதய வீட்டின் சுவிட்சும் அவர் கைக்கெட்டும் தூரத்திலேயே இருப்பதால், காதைத் தூண்டும்போது சிலருக்கு நாடித்துடிப்பும் கொஞ்சம் தணிகிறது. காதிலிருந்து உள்ளே ஒரு வயர் போகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் வரைபடம் சொல்வது வேறு. பொத்தானின் வலது ஓரத்தை அழுத்தினால் மூன்றாம் மாடியில் முழங்காலுக்கும், இடது ஓரத்தை அழுத்தினால் ஏழாம் மாடியில் ஈரலுக்கும் மணி அடிக்கும் என்கிறது அது. அப்படிப் பிரிந்து போகும் வயர்களை எந்த உடற்கூற்றாளரும் கண்டதில்லை.

சோதனைகளும் அதையே காட்டின. ஆய்வாளர்களான மெல்சாக், காட்ஸ் இருவரும் நாட்பட்ட வலியுள்ள 36 பேரிடம் சரியென்று சொல்லப்படும் புள்ளிகளையும் தொடர்பற்ற புள்ளிகளையும் தூண்டி ஒப்பிட்டு, வேறுபாடு இல்லை என்று 1984 இல் எழுதினார்கள். கொக்கெயின் அடிமைகள் 82 பேரிடம் நடந்து 2000 இல் வெளியான ஆய்வு நம்பிக்கை தந்தது. அதே குழுவினர் 620 பேரிடம் நடத்தி 2002 இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், உரிய புள்ளியில் ஊசி ஏற்றியவர்களும், வேறிடத்தில் ஏற்றியவர்களும், ஊசியே இல்லாமல் மனதைத் தளர்த்தும் வீடியோ பார்த்தவர்களும் ஒரே அளவுக்குத்தான் தேறினார்கள். முதல் ஆய்வை மட்டும் சொல்லி இரண்டாவதை விட்டுவிடுவது நோயாளிக்குச் செய்யும் அநியாயம்.

மார்பில் கருவி பதித்துக் கழுத்திலுள்ள வேகஸைத் தூண்டும் வலிப்புச் சிகிச்சையை அமெரிக்கா 1997 இல் அனுமதித்தது. காதுத்தோல் வழியாக மின்சாரம் செலுத்தும் ஆய்வுகளும் இன்று நடக்கின்றன. ஆனால் அளந்து கொடுக்கும் மின்துடிப்பு வேறு, ஊசி வேறு. ஒன்றின் முடிவை மற்றதற்குச் சான்றாகக் காட்ட முடியாது. தோப்புக்கரணம் போடும்போது காதைப் பிடிப்பதால் மூளை விழிக்கிறது என்று பரப்பப்படும் விளக்கமும் நிற்காது. பிடிபடும் சோணைக்குக் கழுத்து நரம்பே வருகிறது; வேகஸ் அங்கே எட்டுவதில்லை. உட்கார்ந்து எழும்புவது நல்ல உடற்பயிற்சி, அந்த நன்மைக்குக் காது காரணமல்ல.

தேர்ந்தவர், ஒருமுறை மட்டும் பாவிக்கும் ஊசியால் செய்தால் ஆபத்து குறைவு. நாட்கணக்கில் காதிலேயே விட்டுவைக்கும் குட்டி ஊசிகளில்தான் கவனம் தேவை. காதுக் குருத்தெலும்புக்குச் சொந்த இரத்தக்குழாய் கிடையாது. மேலுள்ள சவ்வுதான் அதற்கு ஊட்டம் தருகிறது. அங்கே கிருமி புகுந்தால் குருத்தெலும்பு அழுகி மடல் சுருங்கிவிடும். நீரிழிவு உள்ளவர்களுக்கு இது இன்னும் ஆபத்து. குருத்தெலும்பு இல்லாத சோணை வழமைபோல் இருக்க, அதற்கு மேலுள்ள மடல் மட்டும் சிவந்து, சூடேறி, வீங்கினால் அன்றைக்கே காது மூக்கு தொண்டை வைத்தியரிடம் காட்ட வேண்டும்.