விழுந்த இடுப்புக்குத் தைலம் தேய்க்காதீர்கள்

பாட்டி குளியலறையில் வழுக்கி விழுந்தால் வீட்டில் முதலில் தேடுவது தைல பாட்டில். அடுத்தது கட்டுப் போடுபவரின் நம்பர். ‘இந்த வயசுல ஆபரேஷன் தாங்குமா?’ என்று படுக்க வைத்துவிட்டு, படுக்கைப் புண்ணும் நெஞ்சுச் சளியும் முற்றிய பிறகு ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வருகிறார்கள். ஊருக்கு ஊர் இதே கதை.

இடுப்பு மூட்டு லேசில் நழுவாது. தொடை எலும்பின் உருண்டைத் தலை ஆழமான குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது. விளிம்பில் குருத்தெலும்பு வளையம், முன்புறம் உடம்பிலேயே வலுவான தசைநார். அதனால் எலும்பு தேய்ந்த முதியவர் விழுந்தால் மூட்டு விலகுவதைவிட, தலைக்குக் கீழுள்ள கழுத்து முறிவதே அதிகம். தலைக்கு ரத்தம் கொண்டுபோகும் நாளங்கள் பெரும்பாலும் அந்தக் கழுத்தை ஒட்டித்தான் ஏறுகின்றன. அவை அறுந்தால் தலை செத்துப்போகலாம். உருவி இழுத்துக் கட்டினால் இருக்கிற நாளமும் போகும்.

கால் குட்டையாகி, பாதம் வெளிப்புறம் திரும்பிக் கிடந்தால் முறிவு என்றே வைத்துக்கொள்ளுங்கள். முறிந்த முனைகள் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டால் சிலர் நடக்கவும் செய்வார்கள். ‘நடக்கிறாரே’ என்று விட்டுவிடாதீர்கள், எக்ஸ்ரே எடுங்கள். உட்கார வைக்காமல், காலை இழுக்காமல் 108ஐ அழையுங்கள். முடிந்தவரை இரண்டு நாளுக்குள் அறுவை சிகிச்சை நடக்க வேண்டும். வயதைக் காட்டித் தள்ளிப்போடாதீர்கள். பெரும்பாலோருக்கு ஆபரேஷனைவிடப் படுக்கைதான் ஆபத்து.

பணத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போங்கள். சான்றுக்கு விஏஓ ‘நாளைக்கு வாங்க’ என்பார். நாளைக்கும் அதையே சொல்வார். அதனால்தான் சொல்கிறேன், யாரும் விழுவதற்கு முன்பே காப்பீட்டு அட்டையை வாங்கிவிடுங்கள். ஆம்புலன்ஸில் ஏறியபின் விஏஓவைத் தேடாதீர்கள். திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனை முன்பணம் கேட்டால், பில்லில் எழுதித் தரச் சொல்லிவிட்டு 1800 425 3993இல் புகார் செய்யுங்கள்.

செயற்கை மூட்டு வைத்தால், அதன் பெட்டியிலுள்ள பேட்ச் நம்பர் ஸ்டிக்கரை டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். 2010இல் ஏஎஸ்ஆர் என்ற இடுப்பு மூட்டைத் தயாரித்த நிறுவனமே திரும்பப் பெற்றது. இந்தியாவில் அதைப் பொருத்திக்கொண்ட பலரைத் தேடிக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. அந்த ஸ்டிக்கரை செல்போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள்.