பிளஸ்-1ல் கணிதமா? வணிகக் கணிதமா? சேரும் முன் யோசிங்க!

சென்னை:-

எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் வந்துவிட்டால் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான். "பிள்ளையை எந்த குரூப்பில் சேர்க்கப் போறீங்க?" பிளஸ்-1ல் கணக்குப் பாடம் 2 வகையாக இருப்பதே விண்ணப்பம் வாங்கும்போதுதான் பல பெற்றோருக்கு தெரிய வருகிறது.

ஒன்று கணிதம். மற்றொன்று வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல். 2 வருடம் கழித்து இவை கொண்டு போய் விடும் இடம் வேறு வேறு. இதுபற்றிய விவரம் வருமாறு:-

எந்த குரூப்பில் எது?

தமிழக அரசு பாடத்திட்டத்தில் கணிதம் வருவது சயின்ஸ் குரூப்பில். இயற்பியல், வேதியியலுடன் கணிதம், உயிரியல் சேர்ந்தது ஒரு குரூப். உயிரியலுக்கு பதில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இருந்தால் அது இன்னொரு குரூப். வணிகக் கணிதம் இருப்பது காமர்ஸ் பக்கம். எல்லா பள்ளியிலும் எல்லா குரூப்பும் கிடையாது. முதலில் அதை விசாரிக்க வேண்டும்.

என்ஜினீயரிங் கனவா?

தமிழக என்ஜினீயரிங் கவுன்சிலிங்கில் கட்-ஆப் மொத்தம் 200. இதில் கணிதத்துக்கு மட்டும் 100. இயற்பியல், வேதியியலுக்கு தலா 50. வணிகக் கணிதத்தில் நூத்துக்கு நூறு வாங்கினாலும் அந்த மார்க் இதில் சேராது.

டாக்டர் படிப்புக்கான நீட் தேர்வில் கணக்கு கிடையாது. கணிதம் இல்லாத சயின்ஸ் குரூப்பே போதும். ஆனால் டாக்டர் சீட் கிடைக்காவிட்டால் என்ஜினீயரிங் பக்கம் திரும்புவது கஷ்டம். கணிதமும் உயிரியலும் சேர்த்து எடுத்தால் 2 வழியும் இருக்கும். படிக்க வேண்டிய சுமையும் கூடும்.

ஆடிட்டர், பேங்க் வேலை

சி.ஏ. பவுண்டேஷன் தேர்வில் வணிகக் கணிதமும் புள்ளியியலும் ஒரு பேப்பரில் வருகின்றன. பிளஸ்-2 வரை இதைப் படித்தவர்களுக்கு அது புதுசாக இருக்காது. பேங்க் அதிகாரி தேர்வு எழுத ஏதாவது ஒரு டிகிரி போதும். கூட்டல், கழித்தல், சதவீதம், வட்டிக் கணக்கு கை வேகமாக வர வேண்டும்.

'ஈசி'ன்னு நினைக்காதீங்க

"கணக்கு வராது, அதனால வணிகக் கணிதம்" என்று சேர்பவர்கள் அங்கே போய் திணறுகிறார்கள். வட்டி, பங்குச்சந்தைக் கணக்கோடு அது முடிவதில்லை. அணிகள், முக்கோணவியல், வகை நுண்கணிதம் எல்லாம் பிளஸ்-1லேயே உண்டு. பிளஸ்-2ல் தொகை நுண்கணிதமும் வரும். கணக்கு சுத்தமாக வராத பிள்ளைகள் காமர்ஸ் பக்கம் போனாலும், வணிகக் கணிதம் இல்லாத குரூப் இருக்கிறதா என்று கேட்பது நல்லது.

மார்க்கை மட்டும் நம்பலாமா?

பாடப்புத்தகக் கணக்குகளை மனப்பாடம் செய்தே 10-ம் வகுப்பில் 90 வாங்கியவர்கள் உண்டு. 70 வாங்கினாலும் புரிந்து போட்டவர்கள் உண்டு. இயற்கணிதம், முக்கோணவியல், ஆயத்தொலை வடிவியல் பாடங்களில் இருந்து பார்க்காத கணக்கு 10 கொடுத்து, தனியாக போடச் சொல்லிப் பார்க்கலாம். பாதிக்கு மேல் முட்டி மோதியாவது போட்டால் கணிதம் எடுக்க தைரியம் கொள்ளலாம்.

சி.பி.எஸ்.இ.யில்...

சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் 2020-21 முதல் 11-ம் வகுப்பில் 'அப்ளைடு மேத்ஸ்' என்ற பாடம் உள்ளது. இதுவும் வணிகம், பொருளாதாரம் படிக்கப் போகிறவர்களுக்கு ஏற்றது. கணிதம், அப்ளைடு மேத்ஸ் இரண்டையும் சேர்த்து எடுக்க முடியாது.

வேறு வழி உண்டா?

உண்டு. 10-ம் வகுப்பு முடித்ததும் பாலிடெக்னிக்கில் 3 வருட டிப்ளமோ சேரலாம். அதை முடித்தால் என்ஜினீயரிங் 2-ம் ஆண்டில் நேரடியாக சேர முடியும். பிளஸ்-2 கணிதம் தேவையில்லை. ஆனால் டிப்ளமோவிலும் கணக்குப் பாடம் இருக்கிறது.

பள்ளியில் சேர்ந்த பிறகு பாடம் ஒத்து வரவில்லை என்றால், முதல் சில வாரங்களிலேயே தலைமை ஆசிரியரிடம் சொல்லி, இடம் இருந்தால் குரூப் மாற்றிக் கேட்கலாம். காலாண்டு தேர்வு வரை தள்ளிப்போட்டால் விட்ட பாடத்தை பிடிப்பது கஷ்டம்.

"பக்கத்து வீட்டு பையன் எடுத்திருக்கான், நீயும் எடு" என்று சொல்வதற்கு முன், 2 வருடமும் அந்தக் கணக்கோடு மல்லுக்கட்டப் போவது யார் என்று பெற்றோர்கள் யோசிக்க வேண்டும்.