அந்தப் போத்தல் யாருடையது? கடலில் சேரும் பிளாஸ்டிக்கும் நமது கூட்டுப் பொறுப்பும்

கடந்த கரைவலைக் காலத்தில் ஒருநாள் காலை எங்கள் ஊர்க் கடற்கரைக்குப் போயிருந்தேன். நீண்ட நேரம் இழுத்த வலையின் மடி கரைக்கு வந்ததும், மீன் வாங்க நின்றவர்களோடு நானும் கிட்டப்போய்ப் பார்த்தேன். கீரியும் நெத்தலியும் கிடந்தன. அவற்றோடு சொப்பிங் பைகள், பால்மா பைக்கற்றுகள், தண்ணீர்ப் போத்தல்கள், ஒற்றைச் செருப்பு, அறுந்த நைலோன் வலைத்துண்டு எல்லாம் சேர்ந்து வந்திருந்தன.

"சேர், முந்தி மடியப் பிரிச்சா மீன அள்ளிப் போட்டுட்டுப் போவம். இப்ப மீன் பொறுக்குறமா, குப்ப பொறுக்குறமா எண்டே தெரியல்ல" என்றார் வலை இழுத்த முதியவர் ஒருவர். பொறுக்கிய குப்பையைக் கரையில் ஓர் ஓரமாகக் குவித்து வைத்தார்கள். மறுநாள் போனபோது அந்தக் குவியலில் பாதியைக் காணவில்லை. அலை திரும்பவும் எடுத்துக்கொண்டு போயிருந்தது.

அந்தப் போத்தல்களைப் பார்த்தபோது எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. என் மகளின் வலீமாவுக்கு அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் 600 வாங்கினோம். பலர் இரண்டு மிடறு குடித்துவிட்டு மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார்கள். வெறும் போத்தல்களை உரப்பைகளில் கட்டி, ஏற்றிச் செல்ல வந்த உழவு இயந்திரக்காரரிடம் கொடுத்தோம். அவர் அவற்றை எங்கே கொட்டினார் என்று நான் கேட்கவில்லை. மடியில் வந்தவை என் வீட்டுப் போத்தல்களா என்று என்னால் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அதுதான்.

கடலுக்கு எப்படிப் போகிறது?

கடற்கரையில் போடும் குப்பைதான் கடலுக்குப் போகிறது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில், கடலில் சேரும் பிளாஸ்டிக்கில் பெரும்பகுதி தரையிலிருந்து ஆறு, வாய்க்கால், வடிகான் வழியாகவே போய்ச் சேருகிறது. நமது கிழக்குக் கரையில் இதை ஒவ்வொரு மாரியிலும் கண்ணால் காணலாம். கோடை முழுவதும் வடிகானிலும் தோணாவிலும் தேங்கும் பொலித்தீன், மழை வெள்ளத்தோடு முகத்துவாரம் வரை வருகிறது. ஊருக்குள் வெள்ளம் ஏறாமலிருக்க மண்திட்டை வெட்டி முகத்துவாரத்தைத் திறந்துவிடுகிறோம். வெள்ளம் வடிகிறது. அதோடு ஒரு வருடக் குப்பையும் ஒரே இரவில் கடலில் இறங்கிவிடுகிறது.

இறங்கியது அழிவதில்லை. வாழைத்தோலை நுண்ணுயிர்கள் தின்று மண்ணாக்கிவிடும். பிளாஸ்டிக்கை அப்படித் தின்று தீர்க்க அவற்றால் முடிவதில்லை. வெயிலும் உப்பும் அலையும் அதை உடைக்கின்றன. பெரிய துண்டு சிறிதாகி, சிறியது 5 மில்லிமீற்றருக்கும் குறைந்த நுண்பிளாஸ்டிக் ஆகிறது. அதை மீன் இரையென்று விழுங்குகிறது. ஆமை, மிதக்கும் பொலித்தீனை ஜெல்லி மீன் என்று எண்ணி உண்கிறது. அறுந்து கடலில் கிடக்கும் நைலோன் வலை, யாருக்கும் பயனின்றி வருடக்கணக்கில் மீனைப் பிடித்துக் கொன்றுகொண்டே இருக்கிறது. நுண்பிளாஸ்டிக் மனித இரத்தத்திலும் கண்டறியப்பட்டுள்ளது.

தரையில் தங்குவதும் நம்மை விட்டுவிடுவதில்லை. அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காடு குப்பைமேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்று எட்டு ஆண்டுகளில் சுமார் 20 யானைகள் இறந்ததாக 2022 ஜனவரியில் வந்த செய்தியைப் படித்திருப்பீர்கள். 2017 ஏப்ரல் 14 அன்று மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்ட மனித உயிர்கள் போனதையும் நாம் மறந்திருக்க முடியாது.

ஒரு கப்பல் கற்பித்த பாடம்

2021 மே 20 அன்று கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலில் தீப்பிடித்தது. ஜூன் 2 அன்று அது மூழ்கத் தொடங்கியது. அதிலிருந்த 1,486 கொள்கலன்களில் இரசாயனங்களோடு சுமார் 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகளும் இருந்தன. பிளாஸ்டிக் பொருட்கள் செய்வதற்கான மூலப்பொருள் அது. உலகில் பதிவான மிகப் பெரிய பிளாஸ்டிக் மணிக் கசிவு இதுவே என்று ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணர் அறிக்கை கூறியது.

நீர்கொழும்பு, சரக்குவ கரைகளில் அந்த மணிகள் முழங்கால் அளவுக்குக் குவிந்தன. மீன்பிடி தடைசெய்யப்பட்டது. ஆமைகளும் டொல்பின்களும் இறந்து கரையொதுங்கின. மேற்குக் கரையில் பிடித்த மீனை வாங்கவே மக்கள் பயந்தார்கள். கப்பலோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத கடற்றொழிலாளியின் அடுப்பு அணைந்தது. 2025 ஜூலை 24 அன்று உயர் நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு வழங்குமாறு தீர்ப்பளித்தது. சுற்றாடல் அமைப்புகளும் கடற்றொழிலாளர் தரப்பினரும் வழக்கோடு நீதிமன்றம் போயிருக்காவிட்டால் அந்தத் தீர்ப்பு வந்திருக்காது.

அதே வேளை, இளைஞர்கள் கரைக்கு வந்து மணலைச் சல்லடையில் சலித்து அந்த மணிகளைப் பொறுக்கினார்கள். பேர்ள் புரொடெக்டர்ஸ் என்ற தொண்டர் அமைப்பு இதைத் தொடர்ந்து செய்தது. தனியாக ஒருவர் செய்தால் கேலிக்குரியதாகத் தெரியும் வேலையை நூறு பேர் சேர்ந்து செய்தபோது நாடே திரும்பிப் பார்த்தது.

சட்டம் இருக்கிறது, ஏன் போதவில்லை?

நம் நாட்டில் சட்டத்துக்குக் குறைவில்லை. 2017 செப்டம்பரில் 20 மைக்ரோனுக்குக் குறைந்த பொலித்தீன், லஞ்ச் சீட், ரெஜிபோம் பெட்டி என்பன தடைசெய்யப்பட்டன. 2021இல் உணவும் மருந்தும் தவிர்ந்த சிறிய சஷே பைக்கற்றுகள் தடைப்பட்டன. 2023இல் ஒருமுறை பாவிக்கும் ஸ்ட்ரோ, கோப்பை, தட்டு, கரண்டி, இடியப்பத் தட்டு வரை தடை வந்தது. 2025 நவம்பர் 1 முதல் சொப்பிங் பையை இலவசமாகக் கொடுக்கக் கூடாது.

ஆனாலும் கடைக்குப் போனால் என்ன நடக்கிறது? "பை இல்லையா? அடுத்த கடைக்குப் போறன்" என்று வாடிக்கையாளர் சொல்லிவிடுவார் என்ற பயத்தில் முதலாளி இலவசமாகவே கொடுக்கிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. தனியொருவர் நல்லது செய்தால் அவருக்கு மட்டும் நட்டம். எல்லோரும் சேர்ந்து செய்தால் யாருக்கும் நட்டமில்லை. பிளாஸ்டிக் பிரச்சினையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. உலக மட்டத்திலும் இதே கதைதான். பிளாஸ்டிக் மாசுக்கு எதிரான உடன்படிக்கை ஒன்றை உருவாக்க 2022 மார்ச்சில் நைரோபியில் நாடுகள் இணங்கின. 2025 ஓகஸ்ட்டில் ஜெனீவாவில் நடந்த பேச்சுவார்த்தையும் முடிவின்றியே கலைந்தது. உற்பத்தியைக் குறைப்பதில் யார் முதலில் விட்டுக்கொடுப்பது என்பதே தடை. மீள்சுழற்சியை மட்டும் நம்பியும் இருக்க முடியாது. உலகின் பிளாஸ்டிக் கழிவில் 9 சதவீதம்தான் மீள்சுழற்சிக்குப் போகிறது.

சேர்ந்து செய்து காட்டியவர்கள்

கேரளாவின் கொல்லம் கரையில் 2017இல் மீனவர்கள் ஒரு வேலையைத் தொடங்கினார்கள். வலையில் வரும் பிளாஸ்டிக்கைத் திரும்பக் கடலில் வீசாமல் பைகளில் கட்டித் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே பெண்கள் அதைக் கழுவித் தரம் பிரித்தார்கள். துண்டாக்கிய பிளாஸ்டிக் வீதி போடுவதற்குத் தாரோடு கலக்கப்பட்டது. மீனவர், படகு உரிமையாளர், அரச திணைக்களங்கள் ஒரே மேசையில் அமர்ந்ததால்தான் அது நடந்தது.

நமக்கும் இது புதிதல்ல. என் சிறுவயதில் வெறும் கண்ணாடிப் போத்தலைக் கொண்டுபோனால்தான் கடைக்காரர் சோடா தருவார். இல்லாவிட்டால் போத்தலுக்கும் காசு வைக்க வேண்டும். அதனால் ஒரு போத்தலும் தெருவில் கிடந்ததில்லை. ஜெர்மனி 2003 முதல் பிளாஸ்டிக் போத்தலுக்கும் இதே வழியைக் கடைப்பிடிக்கிறது. அங்கே வைப்புப் பணமுள்ள போத்தல்களில் மிகப் பெரும்பாலானவை கடைக்கே திரும்பி வருகின்றன. நாம் கைவிட்டதை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். குளிர்பான நிறுவனங்களிடம் இதை நாம் உரத்துக் கேட்க வேண்டும்.

நமது ஊர்களில் என்ன செய்யலாம்?

முஸ்லிம் ஊர்களுக்கு ஒரு வசதி உண்டு. வாரத்துக்கு ஒருமுறை ஊரின் ஆண்கள் பெரும்பாலும் ஓரிடத்தில் கூடுகிறார்கள். ஒரு தீர்மானத்தை ஊர் முழுவதும் கொண்டுசெல்ல இதைவிட நல்ல வழி வேறு சமூகங்களுக்கு இல்லை.

முதலாவது, நோன்புக் கஞ்சி. முன்பு பிள்ளைகள் தூக்குச்சட்டியோடு பள்ளிவாசலில் வரிசையில் நிற்பார்கள். இப்போது சூடான கஞ்சியைப் பொலித்தீன் பையில் ஊற்றிக் கட்டுகிறோம். பாத்திரம் கொண்டுவந்தால்தான் கஞ்சி என்று நிருவாகம் ஒரு வாரம் உறுதியாக நின்றால் போதும். குர்பான் இறைச்சிக்கும் இதே ஒழுங்கு பொருந்தும்.

இரண்டாவது, கல்யாணமும் கந்தூரியும். சஹனையும் தேக்சாவையும் இரவல் கொடுக்கும் பள்ளிவாசல்கள் 500 எவர்சில்வர் குவளைகளையும் சில தண்ணீர்த் தாங்கிகளையும் சேர்த்து வாங்கிவைக்கலாம். என் வீட்டில் நடந்தது அடுத்த வீட்டில் நடக்காது.

மூன்றாவது, கடைகள். ஊரின் வர்த்தகர் சங்கம் ஒரே திகதியை அறிவித்து, எல்லாக் கடைகளும் அன்றிலிருந்து இலவசப் பையை நிறுத்த வேண்டும். அடுத்த கடைக்குப் போனாலும் கிடைக்காது என்று தெரிந்தால் மக்கள் வீட்டிலிருந்து பன்பை கொண்டுவருவார்கள்.

நான்காவது, முகத்துவாரம். மாரிக்கு முன்னரே வடிகான்களின் வாயில் தடுப்பு வலை கட்டிக் குப்பையை அள்ளும்படி பிரதேச சபையிடம் கேட்க வேண்டும். கரைவலைக்காரர் பொறுக்கி வைக்கும் குப்பையை அன்றே ஏற்றிச் செல்ல ஒரு வாகனமும் வேண்டும். அவர்கள் செய்யும் இந்த வேலைக்கு இன்றுவரை யாரும் ஒரு நன்றிகூடச் சொன்னதில்லை.

செப்டம்பர் மாதம் மூன்றாவது சனிக்கிழமை சர்வதேச கரையோரத் தூய்மை நாள். அன்று பைகளோடு கடற்கரைக்குப் போய்ப் படமெடுப்பது நல்லதுதான். ஆனால் குழாயை மூடாமல் தரையைத் துடைப்பதில் பயனில்லை. மூட வேண்டிய குழாய் நமது வீட்டிலும் கடையிலும் மண்டபத்திலும் இருக்கிறது.

அடுத்த வருடம் என் இளைய மகனின் கல்யாணம். மேசைக்கு ஒரு தண்ணீர்க் கூசாவும் குவளைகளும் வைப்பதென்று வீட்டில் முடிவெடுத்திருக்கிறோம். "ஆக்கள் என்ன சொல்லுவாங்க?" என்று மனைவி கேட்டார். முதலில் ஏதாவது சொல்வார்கள்தான். இன்னும் பத்து வீடுகள் அப்படிச் செய்தால், பிறகு போத்தல் வைப்பவரைத்தான் ஊர் கேட்கும்.