லீவு முடியப்போகுது... சிலமலையில் தண்ணீரில் இறங்கலாமா?

பள்ளிக்கூடம் திறக்க இன்னும் சில நாள்தான். கத்திரி வெயில் முடிந்துவிட்டது. போடிநாயக்கனூர் பக்கத்தில் இருக்கும் சிலமலையில் நின்று மேற்கே பார்த்தால் மலை உச்சி மேகத்துக்குள் இருக்கும். மலைப்பக்கமிருந்து வரும் காற்று தென்னை மட்டைகளைப் புரட்டும். துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பும் பையனிடம் வீட்டில் கேட்பது ஒன்றுதான்: "இந்தக் காத்துல குளிக்கப் போறியாடா?"

காற்றை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. எந்தத் தண்ணீரில் இறங்கப்போகிறான் என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

கிணறு என்றால் பெரும்பாலும் பயமில்லை. நிலத்தடி நீரின் சூடு அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பத்தை ஒட்டியே இருக்கும். ஒரு வாரச் சாரலுக்கெல்லாம் மாறாது. மே மாத மதியத்தில் ஜில்லென்று இருந்த அதே கிணறு, ஜூன் காலையில் வெதுவெதுப்பாகத் தெரிவது இதனால்தான். ஆனால், வெயில் படும் மேல் தண்ணீர்தான் இன்னும் கொஞ்சம் சூடு; கீழே போகப் போகக் குளிரும். கையை மட்டும் நனைத்துப் பார்த்துவிட்டு மேலிருந்து 'தொபுக்கடீர்' என்று குதிப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். குளிர்ந்த நீரில் திடீரென விழுந்தால் உடம்பு தன்னை அறியாமல் மூச்சை இழுக்கும். அந்த நொடி முகம் தண்ணீருக்குள் இருந்தால் ஆபத்து. படியில் இறங்கி, கழுத்தையும் நெஞ்சையும் நனைத்துக்கொண்டு போவதே நல்லது. நீச்சல் தெரியாத பிள்ளை என்றால், சுரைக்குடுக்கையோ காலி கேனோ கட்டியிருந்தாலும் பக்கத்தில் பெரியவர் ஒருவர் வேண்டும்.

உண்மையில் குளிர் தாக்குவது கரையேறிய பிறகு. ஈரம் காற்றில் ஆவியாகும்போது உடம்புச் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கு உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும். உதடு நீலம் பாரித்து, பல் கிட்டினால் 'இன்னும் ஒரே ஒரு தடவை' என்ற கெஞ்சலுக்கு இடமே இல்லை. துவட்டி, காய்ந்த சட்டையைப் போட்டுவிட்டு, சூடாக ஏதாவது கொடுங்கள். ஏலக்காய் ஊரில் டீக்கா பஞ்சம்!

ஆறு என்றால் கணக்கே வேறு. குரங்கணி மலையிலிருந்து இறங்கி போடி வழியாக ஓடுகிறது கொட்டகுடி ஆறு. போடியைவிட போடிமெட்டு சுமார் 1,000 மீட்டர் உயரம். அந்த உயரத்துக்கு வெப்பம் 6 டிகிரி வரை குறையும். தென்மேற்குப் பருவமழை கேரளாவில் தொடங்கும் வழக்கமான தேதி ஜூன் 1. மலைமேல் மழை கொட்டும்போது கீழே சிலமலையில் காற்று மட்டும் வீசும், தரைகூட நனைந்திருக்காது. மேலே பெய்தது கீழே இருப்பவர்களுக்குத் தெரிவதே தண்ணீர் வந்து சேர்ந்த பிறகுதான்.

அதனால் ஆற்றில் குளிர்ச்சி என்பது வெறும் குளிர்ச்சி இல்லை. நின்றுகொண்டிருக்கும்போதே தண்ணீர் சட்டென்று ஜில்லிட்டாலோ, நிறம் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ மேலே மழை என்று அர்த்தம். சோப்பு, செருப்பு, செல்போன் எதையும் தேடாமல் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். பெரியகுளம் அருகே கும்பக்கரை அருவியில் நீர்வரத்து கூடினால் வனத்துறையே குளிக்கத் தடை போட்டுவிடும். போடி - மூணாறு சாலையின் அணைப்பிள்ளையார் தடுப்பணை மாதிரி இடங்களில், கூட்டிப்போன மாமாவோ சித்தப்பாவோதான் அதைச் சொல்லியாக வேண்டும்.

மேற்கே மலை கறுத்திருந்தால், அன்றைக்கு ஆற்றுப் பக்கம் போகாமல் கிணற்றோடு நிறுத்திக்கொள்ளலாம்.